கேம்பர் வேனுக்குக் கூடுதல் வாரண்டி: இன்றைக்கே கட்டணுமா?

கேள்வி: என் கணவர் ஓய்வு பெறுகிறார். புது டீசல் வேன் வாங்கி, உள்ளே படுக்கை, சமையல் மேடை, ஃபிரிட்ஜ் வைத்து ஊர் சுற்றத் திட்டம். வருடத்துக்கு 6,000 கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். கம்பெனி வாரண்டி 3 ஆண்டு. மேலும் 2 ஆண்டுக்கு 38,000 ரூபாய் கேட்கிறது ஷோரூம், அதுவும் இன்றைக்கே போட வேண்டுமாம். கட்டலாமா?
- வாசகி, வேளச்சேரி

பதில்: இன்றைக்குக் கட்ட வேண்டாம் அம்மா. 'இன்றைக்கே' என்பது விற்பவரின் மாதக் கணக்குக்காகச் சொல்வது. பல கம்பெனிகள் முதல் வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் சேர விடுகின்றன. தள்ளிப்போனால் தொகை கொஞ்சம் ஏறும். உங்கள் வண்டிக்குக் கடைசித் தேதி எது, அப்போது தொகை எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 'ஆன் ரோடு' விலைப் பட்டியலில் அதை ஏற்கெனவே சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். கடனில் வாங்கினால் அதற்கும் சேர்த்து வட்டி கட்டுவீர்கள்.

இந்தப் பணம் உங்களுக்கு உதவத் தொடங்குவதே நான்காம் ஆண்டில்தான். அப்போது வண்டி 18,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும். டர்போ, இன்ஜெக்டர், கியர்பாக்ஸ் அந்த ஓட்டத்தில் சாதாரணமாகப் போகிறவை அல்ல. நின்றே கிடக்கும் வண்டியில் போவது பேட்டரி, டயர், ரப்பர் பீடிங், எலி கடித்த வயர். இவற்றைக் கூடுதல் வாரண்டி பொதுவாகத் தொடாது. மாதம் 2,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் கேட்டிருந்தால் என் பதில் வேறு.

எனக்குக் கவலை தருவது உள்வேலைதான். பட்டறைக்காரர் இன்வெர்ட்டருக்கும் ஃபிரிட்ஜுக்கும் வண்டியின் வயரிங்கிலிருந்தே மின்சாரம் இழுப்பார். "வாரண்டி எல்லாம் போகாது மேடம், நான் பார்த்துக்கறேன்" என்பார். நம்பாதீர்கள். வெட்டி ஒட்டிய வயரை சர்வீஸ் சென்டர் படம் பிடித்து ஜாப் கார்டில் (வேலைக் குறிப்புச் சீட்டில்) எழுதினால், மின்சாரப் பகுதிக்கு நீங்கள் உரிமை கேட்பது அதோடு சரி. 38,000 கட்டியிருந்தாலும் இதே கதிதான். தனி பேட்டரி, தனி ஃபியூஸ் பெட்டி, தனி வயரிங் என்று கேட்டு, எதை எங்கே இணைத்தார் என்ற வரைபடத்தோடு பில் வாங்குங்கள். ஃபிரிட்ஜுக்கும் இன்வெர்ட்டருக்கும் அந்தந்தக் கம்பெனி தரும் வாரண்டிதான். மோட்டார் கேரவனுக்கென்றே ஏ.ஐ.எஸ்.-124 என்ற தரவிதி உண்டு. பட்டறைக்கு அதன்படி அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாற்றம் ஆர்.சி.யில் ஏறாவிட்டால் இன்ஷூரன்ஸுக்கே சிக்கல். வாரண்டி நாள் ஓடத் தொடங்குவது பெரும்பாலும் டெலிவரி அன்றைக்கு. பட்டறையில் நாலு மாதம் நின்றால் நாலு மாதமும் போச்சு.

இனி, போனில் வருகிறவர்கள். உங்கள் வண்டி எண், வாங்கிய தேதி எல்லாம் சரியாகச் சொல்லி, கம்பெனி ஆள் போலவே பேசுவார்கள். விற்பது ஏதோ வெளி நிறுவனத்தின் ஒப்பந்தம். 'பம்பர் டு பம்பர்' என்பார்கள். நம் ஊரில் அது பெரும்பாலும் இன்ஷூரன்ஸில் தேய்மானம் கழிக்காததைக் குறிக்கும் பேச்சு, வாரண்டியில் எது அடங்கும் என்பதை ஒப்பந்தத்தில்தான் பார்க்க வேண்டும். வண்டி நின்ற பிறகு, 'முன் அனுமதி இல்லாமல் பிரித்துவிட்டீர்கள்' என்று ஒரே வரியில் கைவிரிப்பார்கள். விபத்து, வெள்ளம் என்று 20 ஆண்டுக்கு மேல் வண்டிகளைப் பார்வையிட்டவன் நான். இந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு பட்டறை வாசலில் நின்ற எத்தனையோ பேரைப் பார்த்த வருத்தத்தில் சொல்கிறேன்.

வேளச்சேரி என்பதால் தண்ணீரைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். 2015 டிசம்பரும் 2023 மிக்ஜாம் புயலும் உங்களுக்குத் தெரியும். 2024 அக்டோபரில் மழை அறிவிப்பு வந்ததுமே மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தினார்களே, அது சரியான பயம். காற்று உறிஞ்சும் குழாய் வழியே தண்ணீர் சிலிண்டருக்குள் போனால், தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளையும். இது உற்பத்திக் குறை அல்ல, ஆகவே எந்த வாரண்டியும் தராது. சாதாரண முழுக் காப்பீட்டிலும் இன்ஜின் செலவு பெரும்பாலும் கிடைக்காது. இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும். அதைச் சேர்த்திருந்தாலும், தண்ணீரில் நின்ற வண்டியில் சாவியைத் திருப்பிப் பார்த்தால் அதையே காரணம் காட்டி மறுக்கலாம். சாவியைத் தொடாமல் இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். 38,000-ல் ஒரு பங்கை முதலில் இந்த இன்ஜின் பாதுகாப்புக்கு ஒதுக்குங்கள்.

இன்ஷூரன்ஸ் தகராறுக்குக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். வாரண்டி ஒப்பந்தத்துக்கு அப்படி ஒருவரும் இல்லை, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம் அல்லது நுகர்வோர் ஆணையம் போகலாம். ஒப்பந்தத்தில் 'டெல்லி நீதிமன்றம் மட்டுமே' என்று அச்சிட்டிருந்தாலும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது அதே சட்டம். நடப்பில் ஆண்டுக்கணக்கில் வாய்தா வாங்குகிறார்கள், கேட்க ஆளில்லை.

ஆகவே மீதிப் பணத்தை வங்கியில் போடுங்கள். சர்வீஸை ஒன்றுவிடாமல் அங்கீகரிக்கப்பட்ட இடத்திலேயே செய்து பில்லைப் பத்திரப்படுத்துங்கள். மூன்றாம் ஆண்டு முடிய இரண்டு மாதம் இருக்கும்போது வண்டியை முழுதாகச் சோதிக்கச் சொல்லி, சின்னச் சத்தம், கசிவு உட்பட எல்லாவற்றையும் ஜாப் கார்டில் தேதியோடு எழுத வையுங்கள். அப்போது இன்ஜினிலோ கியரிலோ சந்தேகம் இருந்தால், கம்பெனியின் சொந்த வாரண்டியை மட்டும் நீட்டித்துக்கொள்ளலாம்.