துப்பாக்கி ஏந்திய சிறுவன்: பாதிக்கப்பட்டவனா, குற்றவாளியா?

கேள்வி: போரில் சிறுவர்களைச் சேர்ப்பதற்கான வயது வரம்பு பதினைந்து என்று ஒருவரும் பதினெட்டு என்று மற்றொருவரும் எழுதுகிறார்கள். எது சரி? சிறுவன் தானே விரும்பிச் சேர்ந்திருந்தால், சேர்த்துக்கொண்டவர் மீது குற்றம் உண்டா?
– வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: இரண்டும் சரிதான், ஆனால் அவை வெவ்வேறு சட்டங்களிலிருந்து வருகின்றன. போர்க்கால நடத்தையை வரையறுக்கும் ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977-ஆம் ஆண்டுக் கூடுதல் நெறிமுறைகளும், 1989-இல் ஐ.நா. நிறைவேற்றிய குழந்தை உரிமைகள் உடன்படிக்கையும் பதினைந்து வயது நிரம்பாதவர்களைப் படையில் சேர்க்கக் கூடாது என்றன. பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தை அமைத்த 1998-இன் ரோம் சாசனம் அதையே போர்க்குற்றமாக்கியது. 2000-ஆம் ஆண்டில் குழந்தை உரிமைகள் உடன்படிக்கைக்குத் துணையாக வந்த விருப்ப நெறிமுறை (விரும்பும் நாடுகள் தனியே ஏற்கும் ஒப்பந்தம்) வரம்பைப் பதினெட்டுக்கு உயர்த்தியது என்றாலும், அரசுகள் தமக்கென ஒரு சலுகையை வைத்துக்கொண்டன. பதினெட்டு நிரம்பாதவரைக் கட்டாயப்படுத்திச் சேர்ப்பதுதான் அரசுகளுக்குத் தடை. பதினாறு வயதானவர் பெற்றோரின் சம்மதத்துடன் தானாக முன்வந்தால் அரசுப் படை ஏற்றுக்கொள்ளலாம். அரசு சாராத ஆயுதக் குழுக்களோ பதினெட்டுக்குக் குறைந்த எவரையும் எந்தச் சூழ்நிலையிலும் சேர்க்கக் கூடாது. விதியை எழுதியவர்கள் யார் என்பது இந்த வேறுபாட்டிலேயே தெரிகிறது.

பதினாறு வயதுச் சிறுவனை ஒரு குழு சேர்த்துக்கொண்டால் அது விருப்ப நெறிமுறைக்கு எதிரானது. ஆனால் சேர்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக அதன் தளபதியைப் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது; ரோம் சாசனத்தின் வரம்பு பதினைந்துதான். உள்நாட்டுச் சட்டம் இதைவிடக் கடுமையாக இருக்கலாம். இலங்கை 2006-ஆம் ஆண்டில் தன் தண்டனைச் சட்டக் கோவையைத் திருத்தி, குழந்தைகளை ஆயுத மோதலில் ஈடுபடுத்துவதைத் தனிக் குற்றமாக்கியது.

விருப்பம் பற்றிய உங்கள் கேள்விக்கு, காங்கோவின் ஆயுதக் குழுத் தலைவர் தாமஸ் லுபாங்காவின் வழக்கில் 2012-இல் விடை கிடைத்தது. பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தின் முதல் தீர்ப்பே இதுதான். பதினைந்து வயது நிரம்பாத குழந்தையின் சம்மதம் குற்றஞ்சாட்டப்பட்டவரைக் காப்பாற்றாது என்று நீதிபதிகள் கூறினர். பசியும் பயமும் சூழ்ந்த ஊரில் சோறு போடும் குழுவோடு போகிற பிள்ளையின் செயலை விருப்பம் என்று சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. லுபாங்காவுக்குப் பதினான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

கேள்வி: அப்படியானால், கொலை செய்த சிறுவனுக்கு எந்தப் பொறுப்பும் இல்லையா? அவன் கையால் உறவினரை இழந்தவர்களுக்கு என்ன பதில்?
– வாசகி ஒருவர், மட்டக்களப்பு

பதில்: குற்றம் நடந்தபோது பதினெட்டு வயது நிரம்பாதவரை விசாரிக்கப் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்கிறது ரோம் சாசனத்தின் 26-ஆம் பிரிவு. அதை முழு விலக்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உள்நாட்டு நீதிமன்றம் விசாரிக்கலாம். ஆனால் மரண தண்டனையோ, விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் தண்டனையோ விதிக்கக் கூடாது. விசாரணையின் நோக்கம் பழிவாங்குவதாக இல்லாமல் சிறுவனைச் சமூகத்தில் மீண்டும் சேர்ப்பதாக இருக்க வேண்டும் என்று குழந்தை உரிமைகள் உடன்படிக்கை கட்டுப்படுத்துகிறது. மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனின் உள்நாட்டுப் போர்க்குற்றங்களை விசாரித்த சிறப்பு நீதிமன்றத்துக்குப் பதினைந்து முதல் பதினெட்டு வயது வரையிலானவர்களை விசாரிக்கும் அதிகாரம் இருந்தும், அரசு வழக்குரைஞர் அவர்களில் ஒருவர்மீதுகூட வழக்குத் தொடுக்கவில்லை. சிறுவர்களை ஏவிய பெரியவர்களையே தேடினார்.

நீங்கள் கேட்பதன் கடினமான பக்கம் உகாண்டாவின் டொமினிக் ஓங்வென் வழக்கில் இருக்கிறது. பள்ளிக்குப் போகும் வழியில் எல்.ஆர்.ஏ. என்ற ஆயுதக் குழு அவரைச் சிறுவயதில் கடத்தியது. அதே குழுவில் வளர்ந்து தளபதியானார். 2002 முதல் 2005 வரை வடக்கு உகாண்டாவில் ஓடெக், லுகோடி உள்ளிட்ட உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் முகாம்களில் நடந்த தாக்குதல்கள் முதலியவை தொடர்பாக, 2021-இல் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தில் 61 குற்றங்களில் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பானது. பதினைந்து வயது நிரம்பாத சிறுவர்களைப் படையில் சேர்த்ததும் அவற்றில் ஒன்று. அச்சுறுத்தலின் பேரில் செய்தார், மனநலம் குன்றியிருந்தார் என்ற எதிர்வாதங்களை நீதிமன்றம் ஏற்கவில்லை. குற்றங்கள் நடந்தபோது அவர் வயது வந்தவர் என்பதே சட்டத்தின் முன் நின்றது. எனினும் கடத்தப்பட்ட குழந்தைப் பருவம் தண்டனையின் அளவைத் தீர்மானிக்கும்போது கணக்கில் வந்தது. பாதிக்கப்பட்டோரின் வழக்கறிஞர்கள் ஆயுள் தண்டனை கேட்டிருக்க, நீதிமன்றம் விதித்தது 25 ஆண்டுகள். இழப்பைச் சுமப்பவர்களுக்கு இது போதாது என்றே தோன்றும். ஆயினும் பழைய கொடுமை ஒருவரின் பிற்காலப் பொறுப்பைக் குறைக்கலாம், ஒழிக்காது என்ற இந்த நிலைப்பாடு எனக்கு நியாயமாகவே படுகிறது.

கேள்வி: எதிரிப் படையிடம் பிடிபட்ட சிறுவனுக்கு என்ன உரிமை?
– வாசகர் ஒருவர், கோவை

பதில்: 1977-ஆம் ஆண்டின் முதலாம் கூடுதல் நெறிமுறையின் 77-ஆம் பிரிவு, பதினைந்து வயது நிரம்பாதவர் சண்டையில் நேரடியாக ஈடுபட்டுப் பிடிபட்டாலும் அவருக்குரிய சிறப்புப் பாதுகாப்பு நீடிக்கும் என்கிறது. குடும்பத்துடன் வைக்கப்படும்போது தவிர, காவலில் உள்ள குழந்தைகளைப் பெரியவர்களிடமிருந்து பிரித்தே வைக்க வேண்டும். 2002-இல் ஆப்கானிஸ்தானில் பதினைந்து வயதில் பிடிபட்ட கனடியரான ஓமர் காதர், அமெரிக்காவின் குவாண்டனாமோ சிறைமுகாமில் ராணுவ ஆணையத்தின் முன் நிறுத்தப்பட்டார். அவருடைய உரிமைகள் மீறப்பட்டதாகக் கனடாவின் உச்ச நீதிமன்றம் 2010-இல் கூறியது; 2017-இல் கனடா அரசு அவரிடம் மன்னிப்புக் கேட்டு இழப்பீடும் வழங்கியது.