பக்கம் அப்படியே இருக்க, பதில் மட்டும் வர...

பக்கத்தை மீண்டும் ஏற்றாமல், சர்வரிடமிருந்து தகவலை மட்டும் வாங்கிக் காட்டும் அஜாக்ஸ் பற்றிய கேள்விகளுக்கு இந்த முறை விடைகள்.

கேள்வி: அஜாக்ஸ் ஒரு தனி மொழியா? பழைய புத்தகங்களில் எக்ஸ்எம்எல்எச்டிடிபிரிக்வெஸ்ட் என்றும், புதிய பாடங்களில் ஃபெட்ச் என்றும் இருக்கிறது. எதைப் படிப்பது?

மொழி இல்லை. பிரவுசரில் ஏற்கெனவே இருப்பவற்றைச் சேர்த்துப் பயன்படுத்தும் ஒரு முறை. அவுட்லுக் மின்னஞ்சலைப் பிரவுசரில் காட்டுவதற்காக மைக்ரோசாஃப்ட் உருவாக்கிய எக்ஸ்எம்எல்எச்டிடிபிரிக்வெஸ்ட் வசதி, 1999-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-உடன் வெளிவந்தது. இந்த முறைக்கு அஜாக்ஸ் என்ற பெயரை ஜெஸ்ஸி ஜேம்ஸ் கேரட் ஒரு கட்டுரையில் சூட்டியது 2005 பிப்ரவரியில். பெயரின் கடைசி எழுத்து, தகவலைக் குறிகளுக்குள் எழுதும் எக்ஸ்எம்எல் வடிவத்தைக் குறிக்கிறது. இன்று வந்துபோவதோ பெரும்பாலும் ஜேசான் என்ற எளிய உரை வடிவம். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இரண்டுமே சர்வருக்குக் கோரிக்கை அனுப்பும் வழிகள்; புதியதான ஃபெட்ச்சில் தொடங்குங்கள். பழையதற்கும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது, கீழே வரும்.

கேள்வி: ஃபெட்ச்சுக்கு அடுத்த வரியிலேயே விடையை கன்சோலில் அச்சிட்டால் 'ப்ராமிஸ், பென்டிங்' என்றுதான் வருகிறது.

ப்ராமிஸ் என்பது பின்னால் வரப்போகும் விடைக்கான உறுதிச்சீட்டு: கோரிக்கை கிளம்பிவிட்டது, பதில் இன்னும் வரவில்லை. அதற்குள் ஜாவாஸ்கிரிப்ட் அடுத்த வரிக்குப் போய்விட்டது. அது அங்கேயே நின்று காத்திருந்தால் பட்டன், ஸ்க்ரோல் எல்லாம் உறைந்துபோகும். ஃபங்ஷனுக்கு முன்னால் 'அசிங்க்' போட்டு, உள்ளே, விடை வரும்வரை அந்த ஃபங்ஷனை மட்டும் காக்கவைக்கும் 'அவெய்ட்' பயன்படுத்துங்கள். இரண்டு அவெய்ட் தேவை: ஃபெட்ச்சுக்கு ஒன்று, ஜேசானாக மாற்றும் மெத்தடுக்கு ஒன்று. முதலாவது, ஹெடர்கள் (பதிலின் தலைப்புக் குறிப்புகள்) வந்து சேர்ந்ததுமே முடிந்துவிடும். உள்ளடக்கம் அப்போதும் வந்துகொண்டிருக்கலாம். இரண்டாவதைத்தான் பலரும் மறக்கிறார்கள். இன்னொன்று: பதிலின் உள்ளடக்கத்தை ஒருமுறைதான் படிக்க முடியும். சோதித்துப் பார்க்க 'டெக்ஸ்ட்' என்று படித்துவிட்டுப் பிறகு 'ஜேசான்' கேட்டால் பிழை வரும்.

கேள்வி: சர்வர் 500 பிழை தருகிறது. ஆனால் பிழையைப் பிடிக்கும் என் 'கேட்ச்' பகுதி ஓடவே இல்லை. சில நேரம் 'எதிர்பாராத < குறி' என்று ஜேசான் பிழையும் வருகிறது.

ஃபெட்ச்சுக்குக் கடிதம் வந்து சேர்ந்ததா என்பது மட்டுமே கணக்கு. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்ப்பது நம் பொறுப்பு. நெட்வொர்க் அறுந்தாலோ, பிரவுசர் தடுத்தாலோ, நாமே ரத்து செய்தாலோதான் ஃபெட்ச் கேட்ச்சுக்குப் போகும். 404 (பக்கம் இல்லை), 500 (சர்வரில் கோளாறு) எல்லாம் அதற்கு ஒழுங்காக வந்த பதில்கள். ஆகவே ஜேசானைத் தொடுவதற்கு முன் 'ரெஸ்பான்ஸ்.ஓகே' உண்மையா என்று பாருங்கள். நிலை எண் 200 முதல் 299 வரை இருந்தால் மட்டுமே அது உண்மை. இல்லையென்றால் நீங்களே ஒரு பிழையை எறியுங்கள்.

அந்த < குறி, எச்டிஎம்எல் பக்கத்தின் முதல் எழுத்து. ஜேசான் எதிர்பார்த்த இடத்தில் சர்வர் ஒரு முழுப் பக்கத்தை அனுப்பியிருக்கிறது. அது பிழைப் பக்கமாக இருக்கலாம். அதைவிட வழக்கமான காரணம், லாகின் நேரம் முடிந்து சர்வர் உள்நுழைவுப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது. ஃபெட்ச் சத்தமில்லாமல் அந்தத் திருப்பத்தைப் பின்தொடர்ந்து 200 என்று வந்து நிற்கும். அப்போது ஓகே சோதனையும் ஏமாந்துவிடும். சரியான தீர்வு சர்வரில் இருக்கிறது: இப்படிப்பட்ட கோரிக்கைகளுக்குத் திருப்பிவிடாமல் 401 (உள்நுழைவு தேவை) அனுப்பச் சொல்லுங்கள். 204 வரும் இடங்களில் ஜேசான் மெத்தடை அழைக்காதீர்கள். அங்கே படிக்க எதுவும் இல்லை.

கேள்வி: தேடல் பெட்டியில் எழுத எழுத முடிவுகள் மாற வேண்டும். வேகமாக எழுதினால் பழைய சொல்லுக்கான முடிவுகள் வந்து நிற்கின்றன. ஏன்?

நீங்கள் அனுப்பிய வரிசையில் பதில்கள் வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. 'கல்' என்ற தேடலுக்கு ஏராளமான முடிவுகள். 900 மில்லிவிநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து அனுப்பிய 'கல்வி'க்கு 200 போதும். கல்வியின் பதில் முதலில் வந்து பட்டியலை நிரப்புகிறது. பின்னால் வரும் கல்லின் பதில் அதை அழித்துத் தன்னை எழுதிக்கொள்கிறது. உள்ளூர் சர்வரில் எல்லாப் பதிலும் உடனுக்குடன் வந்துவிடுவதால் இந்தக் கோளாறு கண்ணில் படுவதே அரிது.

விரல் நின்று 300 மில்லிவிநாடி ஆன பிறகே அனுப்புங்கள்: ஒவ்வொரு எழுத்துக்கும் பழைய டைமரை 'கிளியர்டைம்அவுட்' கொண்டு நீக்கி, புதிதாக 'செட்டைம்அவுட்' வையுங்கள். கோரிக்கைகளின் எண்ணிக்கை குறையும். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள், ஆனால் வரிசைச் சிக்கல் இதனால் தீராது, அபூர்வமாகிறது, அவ்வளவே.

தீர்ப்பது, கோரிக்கையை ரத்து செய்யும் 'அபார்ட்கன்ட்ரோலர்'. அதன் சிக்னலை ஃபெட்ச்சுக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த தேடல் கிளம்பும்போது பழைய கன்ட்ரோலரை அபார்ட் செய்யுங்கள். ஒருமுறை அபார்ட் செய்ததை மீண்டும் பயன்படுத்த முடியாது; ஒவ்வொரு தேடலுக்கும் புதிது வேண்டும். ரத்தான கோரிக்கை 'அபார்ட்எரர்' என்ற பெயருடன் கேட்ச்சுக்கு வரும். அதைப் பயனருக்குப் பிழையாகக் காட்டாமல் விட்டுவிடுங்கள்.

இதைவிட எளிய காவல் ஒன்று உண்டு. ஒவ்வொரு தேடலுக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து, பதில் வந்ததும் அது கடைசியாக அனுப்பிய எண்தானா என்று பார்த்து, இல்லையென்றால் எறிந்துவிடுவது. ஒன்றை மட்டும் சேர்க்க நேரமிருந்தால் நான் இதைத்தான் சேர்ப்பேன். சோதிக்க, சர்வரில் ஒன்றுவிட்டு ஒரு கோரிக்கைக்கு 2 விநாடி தாமதம் வையுங்கள். கோளாறு உடனே வெளிப்படும்.

ஓர் எச்சரிக்கை: அபார்ட் செய்தால் பிரவுசர் காதைப் பொத்திக்கொள்கிறது, சர்வர் வேலையை முடித்தே விடலாம். சேமிப்பதையும் பணம் செலுத்துவதையும் 'திரும்பப் பெற' இதை நம்பாதீர்கள்.

கேள்வி: கோரிக்கைகளைச் சோதிக்கும் போஸ்ட்மேன் செயலியில் வேலை செய்யும் அதே முகவரி, பிரவுசரில் 'கோர்ஸ்' பிழை தருகிறது.

கோர்ஸ் என்பது ஒரு தளத்தின் பக்கம் வேறு தளத்தின் தகவலைப் படிக்க அனுமதிக்கும் விதிகள். தடுப்பது பிரவுசர்; போஸ்ட்மேனுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. நெறிமுறை, பெயர், போர்ட் மூன்றில் ஒன்று மாறினாலும் வேறு மூலம் என்றே கணக்கு. லோக்கல்ஹோஸ்ட் 3000-மும் 8000-மும் வேறு வேறு. அனுமதி ஹெடரை அனுப்ப வேண்டியது பதில் தரும் சர்வர். ஜேசான் அனுப்பினால் பிரவுசர் முதலில் அனுமதி கேட்டு 'ஆப்ஷன்ஸ்' கோரிக்கையை விட்டுப் பார்க்கும். லாகின் இல்லை என்று சர்வர் அதையே மறுத்தால் உண்மையான கோரிக்கை கிளம்பாது. குக்கீயும் போக வேண்டுமானால் எல்லா மூலங்களுக்கும் அனுமதி என்னும் நட்சத்திரக் குறி செல்லாது. சரியான மூலத்தின் பெயரையே ஹெடரில் எழுத வேண்டும். 'நோ-கோர்ஸ்' போட்டால் பிழை மறையும், ஆனால் பதிலைப் படிக்கவே முடியாது.

கேள்வி: ஃபார்ம்டேட்டாவில் கோப்பு வைத்து அனுப்பினாலும் சர்வர் 'கோப்பு இல்லை' என்கிறது.

உள்ளடக்கத்தின் வகையைச் சொல்லும் கன்டென்ட்-டைப் ஹெடரை நீங்களே எழுதியிருப்பீர்கள். நீக்கிவிடுங்கள். பகுதிகளைப் பிரிக்கும் எல்லைக் குறியைப் பிரவுசர்தான் உருவாக்கி அந்த ஹெடரில் சேர்க்கும். நீங்கள் எழுதினால் அது விடுபட்டு, சர்வரால் பிரிக்க முடியாது. எவ்வளவு சதவீதம் ஏறியது என்று காட்ட வேண்டுமா? பழைய எக்ஸ்எம்எல்எச்டிடிபிரிக்வெஸ்ட்டை எடுங்கள். அதன் 'அப்லோட்' பகுதியில் ப்ராக்ரெஸ் நிகழ்வு இருக்கிறது.

கேள்வி: வந்த தகவலை இன்னர்எச்டிஎம்எல்லில் போடலாமா?

பயனர்கள் எழுதிய எதுவும் அதில் கலந்திருந்தால் கூடாது. யாரோ எழுதிய ஸ்கிரிப்ட் உங்கள் பக்கத்தில் ஓடக்கூடும். வந்ததை வெறும் எழுத்தாகவே காட்டும் டெக்ஸ்ட்கன்டென்ட் போதும்.

கேள்வி: வடிகட்டி முடிவுகள் மாறிய பின் 'பின்செல்' பட்டனை அழுத்தினால் தளத்தை விட்டே வெளியேறிவிடுகிறது.

முகவரி மாறாததால் பிரவுசரின் வரலாற்றில் எதுவும் பதியவில்லை. பயனர் வடிகட்டியை மாற்றும்போது 'புஷ்ஸ்டேட்' கொண்டு முகவரியை மாற்றுங்கள். பின்செல் அழுத்தும்போது வரும் 'பாப்ஸ்டேட்' நிகழ்வில் அந்த முகவரியைப் படித்து மீண்டும் தகவலைக் கேளுங்கள். எழுத எழுதத் தேடும் பெட்டிக்கு வரலாற்றில் புதிய பதிவு சேர்க்காத 'ரீப்ளேஸ்ஸ்டேட்' போதும், இல்லையென்றால் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒருமுறை பின்செல் அழுத்த வேண்டியிருக்கும்.