கணினி கேள்வி-பதில்: சிக்னல் போதாது, நிலையும் வேண்டும்

கேள்வி: லினக்ஸ் மடிக்கணினியில் என்னுடைய மூன்று செயலிகளும் பேட்டரி, நெட்வொர்க் நிலையைத் தனித்தனியே பார்த்து வந்தன. அந்த வேலையை ஒரே பின்னணிச் சேவைக்கு மாற்றினேன்; மாற்றம் வந்தால் டி-பஸ் (செயலிகள் தமக்குள் செய்தி பரிமாறும் வழி) மூலம் சிக்னல் அனுப்புகிறது. ஆனால் செயலியைத் திறந்ததும் சில நேரம் பழைய நிலையே தெரிகிறது. கணினி உறங்கி எழுந்தால் இன்னும் மோசம். எங்கே பிசகு?

பதில்: சிக்னலை மட்டும் நம்பியதில்தான். சார்ஜரைச் செருகிய பிறகு திறந்த செயலிக்கு, முன்பே போய்விட்ட சிக்னல் கிடைக்காது. நடப்பு நிலையைச் சேவையே கையில் வைத்துக்கொண்டு டி-பஸ் ப்ராப்பர்ட்டியாக, அதாவது எப்போது கேட்டாலும் படிக்கக்கூடிய மதிப்பாக, தர வேண்டும். செயலி முதலில், மதிப்பு மாறியதைச் சொல்லும் ‘ப்ராப்பர்ட்டீஸ் சேஞ்ச்டு’ சிக்னலுக்குப் பதிவு செய்யட்டும். அதன் பிறகே, எல்லா மதிப்புகளையும் ஒன்றாகக் கேட்கும் ‘கெட் ஆல்’ அழைக்கட்டும். வரிசையை மாற்றினால் இரண்டுக்கும் நடுவே நடந்த மாற்றம் நழுவிவிடும். எப்போதாவது மட்டும் வரும் பிழை என்பதால் சோதனையில் சிக்காது.

சேவைக்குள்ளும் இதே கவனம் தேவை. நெட்வொர்க் மாற்றங்களைக் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) சொல்லும் நெட்லிங்க் சாக்கெட்டில் ‘ஈநோபஃப்ஸ்’ பிழை வந்தால் பஃபர் நிரம்பிச் சில செய்திகள் தொலைந்தன என்று பொருள். நெட்வொர்க் நிலையின் முழுப் பட்டியலையும் மறுபடி கேளுங்கள். பேட்டரியின் சிஸ்எஃப்எஸ் கோப்புக்கு (கர்னல் சாதன நிலையைக் காட்டும் கோப்பு) ஐநோட்டிஃபை என்ற கோப்புக் கண்காணிப்பு வைப்பது வீண். கர்னல் தானே மாற்றும் மதிப்புக்கு அது அறிவிப்பு எழுப்பாது. பேட்டரி நிலையை டி-பஸ்ஸில் தரும் யூபவர் சேவை இருக்கும்போது அந்தப் பாடு எதற்கு?

உறக்கத்துக்கு, பயனர் அமர்வையும் உறக்கத்தையும் கவனிக்கும் லாகின்ட் சேவை தரும் ‘ப்ரிப்பேர் ஃபார் ஸ்லீப்’ சிக்னலைக் கேளுங்கள்: உறங்கும் முன் ‘ட்ரூ’, எழுந்ததும் ‘ஃபால்ஸ்’. ‘ஃபால்ஸ்’ வந்ததும் எல்லாவற்றையும் புதிதாகப் படித்துவிடுங்கள். உறங்கும் முன் எதையாவது சேமிக்க வேண்டுமென்றால் உறக்கத்தைச் சற்றே தள்ளிவைக்கும் ‘டிலே’ வகைப் பூட்டு உண்டு; இயல்பான அமைப்பில் 5 விநாடிக்கு மேல் அது தாங்காது. கழிந்த நேரத்தை ‘மோனோடானிக்’ கடிகாரத்தில் கணக்கிட்டால் உறங்கிய நேரம் சேராது; ‘பூட்டைம்’ கடிகாரத்துக்கு மாறுங்கள்.

சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்கான யூனிட்டில் (சேவையின் அமைப்புக் கோப்பு) ‘டைப்’ என்பதை ‘நோட்டிஃபை’ ஆக்கி, முதல் வாசிப்பு முடிந்த பிறகே ‘ரெடி’ அனுப்புங்கள். விழுந்த சேவையை மறுபடி தொடங்கும் ‘ரீஸ்டார்ட்’ போட்டால் மட்டும் போதாது: இயல்பு இடைவெளி 100 மில்லி விநாடிதான், 10 விநாடிக்குள் 5 முறை தொடங்கி விழுந்தால் சிஸ்டம்டி கைவிட்டுவிடும். அந்த இடைவெளியைக் குறிக்கும் ‘ரீஸ்டார்ட் செக்’ 5 விநாடி என்றால் அந்த வரம்பைத் தொடாது. சேவை விழுந்து எழுந்ததைச் செயலிகள் ‘நேம் ஓனர் சேஞ்ச்டு’ சிக்னலால் அறிந்து, மறுபடி ‘கெட் ஆல்’ அழைக்க வேண்டும்.

கேள்வி: இதற்கு ரூட் (கணினி நிர்வாகி) அனுமதி தேவையா?

பதில்: வேண்டாம். யூபவர், லாகின்ட், நெட்லிங்க் மூன்றையும் சாதாரணப் பயனரே கவனிக்கலாம். பயனர் யூனிட்டாகவே ஓட்டுங்கள்.