ராஷ்ஃபோர்டின் கடிதமும் பிள்ளைகளின் மதியச் சாப்பாடும்: கேள்வி பதில்

கால்பந்து வீரர்கள் செய்யும் பொதுத்தொண்டு பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மார்கஸ் ராஷ்ஃபோர்டைப் பற்றியவை. அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: சார், ராஷ்ஃபோர்டு அப்படி என்னதான் செய்தார்? ஏழைப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்தார் என்பது வரைதான் தெரியும்.

பதில்: 2020 மார்ச்சில் கொரோனாவால் இங்கிலாந்துப் பள்ளிகளை மூடினார்கள். பள்ளியில் இலவசமாகக் கிடைக்கும் மதியச் சாப்பாட்டை நம்பியிருந்த பிள்ளைகளுக்கு அந்த ஒரு வேளையும் கேள்விக்குறியானது. மான்செஸ்டர் யுனைடெட் வீரரான ராஷ்ஃபோர்டுக்கு அப்போது 22 வயது. கடைகளிலும் ஆலைகளிலும் மிஞ்சும் நல்ல உணவைத் திரட்டித் தொண்டு அமைப்புகளுக்கு அனுப்பும் ஃபேர்ஷேர் என்ற அமைப்போடு சேர்ந்தார். சில மாதங்களில் சுமார் 2 கோடி பவுண்டு திரண்டது.

ஆனால் நான் பெரிதாக நினைப்பது அதற்குப் பிறகு நடந்ததை. வீட்டிலிருந்த பிள்ளைகளுக்கு அரசு வாரம் 15 பவுண்டு உணவுக் கூப்பன் கொடுத்துவந்தது. கோடை விடுமுறை ஆறு வாரத்துக்கு அது கிடையாது என்றார்கள். ஜூன் 15 அன்று எல்லா எம்.பி.க்களுக்கும் அவர் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அம்மா முழுநேரம் உழைத்தும் ஐந்து பிள்ளைகளுக்குப் போதவில்லை, பள்ளியின் காலை உணவும் இலவச மதிய உணவும் அக்கம்பக்கத்தாரும்தான் தன்னை வளர்த்தார்கள் என்று சொந்தக் கதையையே முன்வைத்தார். மறுநாளே அரசு இறங்கிவந்தது. 12 கோடி பவுண்டு ஒதுக்கப்பட்டது. சுமார் 13 லட்சம் பிள்ளைகள் அதற்குத் தகுதி பெற்றார்கள்.

கேள்வி: நம் ஊர்ச் சத்துணவு போல அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் இல்லையா?

பதில்: இல்லை. இங்கிலாந்தில் முதல் மூன்று வகுப்புகளுக்கு மட்டும் 2014 முதல் எல்லாருக்கும் உண்டு. அதற்கு மேல் குடும்ப வருமானம் குறைவு என்று காட்ட வேண்டும். லண்டன் நகரம் மட்டும் 2023 செப்டம்பர் முதல் அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் கொடுக்கிறது.

கேள்வி: ஒரு தடவை ஜெயித்ததோடு முடிந்துவிட்டதா?

பதில்: முடியவில்லை. அதே 2020 அக்டோபரில் ராஷ்ஃபோர்டு தோற்றார். விடுமுறை நாட்களிலும் உணவுக் கூப்பன் தொடர வேண்டும் என்ற தீர்மானம் நாடாளுமன்றத்தில் 261-க்கு 322 என்ற வாக்கில் வீழ்ந்தது. அரச விருதான எம்.பி.இ. அவருக்கு அறிவிக்கப்பட்டதும் அதே மாதம்தான். விருது கிடைத்துவிட்டதே என்று அவர் ஒதுங்கிக்கொள்ளவில்லை.

வாக்கெடுப்புக்குப் பிறகு ஊர் ஊராகச் சின்னச் சின்ன உணவகங்களும் காபிக் கடைகளும் உள்ளாட்சி மன்றங்களும் ‘பிள்ளைகளுக்குச் சாப்பாடு நாங்கள் தருகிறோம்’ என்று அறிவித்தன. கொரோனாவில் வியாபாரம் படுத்துக் கிடந்த கடைகள் அவை. ராஷ்ஃபோர்டு அந்த அறிவிப்புகளை ஒவ்வொன்றாகத் தன் ட்விட்டர் பக்கத்தில் பகிர்ந்துகொண்டே இருந்தார். பசித்த பிள்ளையின் தாய் அந்தப் பக்கத்தைத் திறந்தால் பக்கத்துத் தெருக் கடையின் பெயர் கிடைக்கும். அவர் தொடங்கிய மனுவில் 10 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து விழுந்தது. நவம்பர் 7 அன்று எவர்ட்டனோடு ஆடிவிட்டுத் திரும்பியவருக்கு அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சனே போன் செய்தார். குளிர்கால உதவியாக 17 கோடி பவுண்டு வந்தது.

கேள்வி: எல்லாம் விளம்பரத்துக்கும் வரி மிச்சத்துக்கும்தான் என்கிறான் என் நண்பன்.

பதில்: கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே உச்ச வரி 45 சதவீதம். ஒருவர் 100 பவுண்டு நன்கொடை கொடுத்தால், வரிச்சலுகை முழுதாகக் கிடைத்தாலும் 55 பவுண்டு கைவிட்டுப் போகிறது. எம்.பி.க்களுக்கு எழுதிய கடிதத்துக்கோ எந்தச் சலுகையும் கிடையாது. பெயர் வந்தது உண்மைதான். வரட்டுமே! அந்தப் பெயரை வைத்துத்தானே அடுத்த கதவைத் தட்ட முடிந்தது.

கேள்வி: ஐவரி கோஸ்ட் கால்பந்து வீரர் ட்ரோக்பா ஒரு போரையே நிறுத்தினார் என்கிறார்களே, உண்மையா அண்ணா?

பதில்: பாதி உண்மை தம்பி. மேற்கு ஆப்பிரிக்க நாடான ஐவரி கோஸ்ட் 2002 முதல் இரண்டாகப் பிளந்து கிடந்தது. வடக்கு கிளர்ச்சியாளர்கள் கையில், தெற்கு அரசின் கையில். 2005 அக்டோபர் 8 அன்று சூடானின் ஓம்துர்மானில் வென்று அந்த நாடு முதன்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. உடைமாற்றும் அறையில் தொலைக்காட்சிக் கேமரா முன்னால் அணியே மண்டியிட்டது. ஆயுதங்களைக் கீழே போடுங்கள், தேர்தல் நடத்துங்கள் என்று ட்ரோக்பா மன்றாடினார். 2007 மார்ச்சில் சமாதான ஒப்பந்தம் ஆனது. ஜூனில் கிளர்ச்சியாளர்களின் தலைநகரான புவாக்கேயிலேயே மடகாஸ்கரோடு ஆட்டம் நடந்தது. 5-0. கடைசி கோல் ட்ரோக்பாவுடையது.

ஆனால் 2010 தேர்தலுக்குப் பிறகு மறுபடியும் துப்பாக்கி வெடித்தது. ஒப்பந்தம் போட்டவர்கள் அரசியல்வாதிகள். எல்லாரும் ஒன்றாக உட்கார முடியும் என்று மக்களுக்குக் காட்டியவர்கள் வீரர்கள். அது சின்ன விஷயமில்லை, அதே சமயம் போர்நிறுத்தமும் இல்லை.

கேள்வி: சொந்தக் காசைப் போட்டவர்கள்?

பதில்: நிறையப் பேர். செனகலின் சாடியோ மானே தன் கிராமமான பம்பாலியில் கட்டிய மருத்துவமனை 2021-இல் திறக்கப்பட்டது. அவருடைய சிறுவயதில் தந்தை நோயில் விழுந்தபோது ஊரில் மருத்துவமனை கிடையாது. ஸ்பெயினின் ஹுவான் மாட்டா 2017-இல் ‘காமன் கோல்’ தொடங்கினார். சேரும் வீரர் சம்பளத்தில் ஒரு சதவீதமாவது தொண்டுக்குக் கொடுக்க வேண்டும். ஜெர்மனியின் ஹும்மெல்ஸ், இத்தாலியின் கியெல்லினி, அமெரிக்காவின் மேகன் ரபினோ எல்லாரும் சேர்ந்தார்கள்.

கேள்வி: எங்கள் ஊர் அணிக்கு ஆடுகிறேன். எனக்கும் ஏதாவது செய்ய ஆசை. எங்கே தொடங்குவது?

பதில்: நீங்கள் பட்ட கஷ்டம் எதுவோ அதிலிருந்து தொடங்குங்கள். புதிதாக அறக்கட்டளை பதிவு செய்ய அவசரப்பட வேண்டாம். கணக்கு, தணிக்கை என்றே ஆண்டு ஓடிவிடும். ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருப்பவர்களைத் தேடிப் போய், என்ன குறைகிறது என்று கேளுங்கள். பிறகு அதைத் தரக்கூடியவர் யார் என்று பார்த்து, அவரிடம் அந்த ஒன்றை மட்டும், எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: ராஷ்ஃபோர்டின் அம்மாவுக்கு இதில் என்ன மரியாதை கிடைத்தது?

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு நன்றி. மான்செஸ்டர் வட்டாரத்தில் ஃபேர்ஷேரின் உணவுக் கிடங்குக்கு 2020-இல் அந்தத் தாயின் பெயரையே வைத்தார்கள்: மெலனி மேனார்ட் ஹவுஸ்.