எத்தியோப்பியாவில் காட்டு விலங்குகள், பண்பாட்டு இடங்கள் இரண்டும் பார்க்கக் கிடைக்குமா? இல்லை, கென்யாவுக்கே போய்விடலாமா?

சிங்கம், யானை, காண்டாமிருகம் என்று வரிசையாகப் படம் எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்றால் கென்யாவுக்கே போங்கள், யோசிக்கவே வேண்டாம். எத்தியோப்பியாவில் பெரும்பாலும் நடந்து போய்த்தான் விலங்கு பார்க்க வேண்டும். பக்கத்திலேயே ஒரு பையன் ஆடு மேய்த்துக்கொண்டிருப்பான், இன்னொருவர் பார்லி வயலில் நிற்பார். ஊர் தனி, காடு தனி என்று அங்கே பிரித்துப் பார்ப்பது கஷ்டம். எனக்கு அந்த நாடு பிடித்ததற்கு அதுதான் காரணம்.

நம்மூர்க் கல்லூரி ஆசிரியர்கள் பலர் எத்தியோப்பியப் பல்கலைக்கழகங்களில் வேலை பார்த்திருக்கிறார்கள். நானும் அப்படிப் போனவன்தான். கிழக்கே ஹரார் பக்கம் இருந்தேன். அதனால் ஹராரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹரார் மதில் சூழ்ந்த பழைய முஸ்லிம் நகரம். மதிலைக் கட்டியவர் 16ஆம் நூற்றாண்டில் அந்த நகரை ஆண்ட எமீர் நூர். உள்ளே 82 பள்ளிவாசல்கள், அதில் மூன்று 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்துகள், பச்சையும் நீலமுமாகச் சுவர்கள். ஒரு தெரு முழுக்கத் தையல்காரர்கள் வாசலில் மெஷினைப் போட்டு மிதித்துக்கொண்டிருப்பார்கள். எந்த வீட்டிலாவது உள்ளே அழைத்தால் மறுக்காதீர்கள். கூடத்திலேயே ஏறுவரிசையில் திண்ணைகள், யார் எந்தத் திண்ணையில் உட்காரலாம் என்பதற்கு ஒரு முறை, சுவர் கொள்ளாமல் வண்ண வண்ணப் பின்னல் கூடைகள்.

மதிலின் அடியில் சின்னச் சின்னத் திறப்புகள் இருக்கும். கழுதைப்புலி வந்து போகிற வழி அது. இரவில் உள்ளே வந்து கறிக்கடைக் கழிவையும் எலும்பையும் தின்றுவிட்டுப் போய்விடும். யாரும் விரட்ட மாட்டார்கள். கெட்ட ஆவிகளையும் சேர்த்துத் தின்றுவிடும் என்று ஒரு நம்பிக்கை. இருட்டியதும் மதிலுக்கு வெளியே ஒருவர் கூடை நிறைய இறைச்சியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். நீங்கள் போன பஜாஜின் (அங்கே ஆட்டோவுக்கே அதுதான் பேர்) முன்விளக்கு வெளிச்சத்தில் முதலில் கண்கள்தான் தெரியும். பிறகு முன்பக்கம் உயர்ந்து பின்பக்கம் சரிந்த அந்த உடம்பு, காலடிச் சத்தமே இல்லாமல் வரும். அவர் ஒரு குச்சியில் இறைச்சியைச் சுற்றி மறுமுனையைப் பல்லில் கடித்துக்கொள்வார். நீங்களும் செய்யலாம் என்று குச்சியை நீட்டுவார். நான் கையில் பிடித்ததோடு சரி. எலும்பை நொறுக்குகிற தாடை, ஆனால் இறைச்சியை நாசூக்காக உருவிக்கொண்டு போயிற்று. இந்த மாலை நேரக் காட்சி சில பத்தாண்டுகளாக நடப்பதுதான். முஹர்ரம் பத்தாம் நாளான ஆஷூராவில் கழுதைப்புலிக்கு வெண்ணெய் விட்ட கஞ்சி வைத்து, எவ்வளவு சாப்பிடுகிறது என்று பார்த்து, வரும் ஆண்டுக்குக் குறி சொல்வதுதான் மூத்த வழக்கம்.

அடுத்து ஜெலாடா என்ற குரங்கு. பார்க்க பபூன் மாதிரி இருக்கும், ஆனால் சாப்பாடு முக்கால்வாசி புல்தான். நூற்றுக்கணக்கில் மலைச்சரிவில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் புல்லைப் பறித்து வாயில் போட்டபடி உட்கார்ந்த வாக்கிலேயே நகரும். நெஞ்சில் சிவப்பாக ஒரு திட்டு. வடக்கே இருக்கும் சிமியன் மலைதான் இதற்குப் பேர்போன இடம். அங்கே போக வழியில்லை என்றால் அடிஸ் அபாபாவிலிருந்து சுமார் 100 கிலோமீட்டரில் டெப்ரே லிபானோஸ் மடத்துப் பக்கமும் பார்க்கலாம்.

தெற்கே பாலே மலையில் எத்தியோப்பிய ஓநாய். உலகத்திலேயே ஏறத்தாழ 500தான் மிச்சம், அதில் பாதிக்கு மேல் இந்த மலையில். கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரத்தில் சானெட்டி மேட்டுநிலம், காலையில் குளிர் எலும்பு வரை போகும். நரி நிறத்தில் நீண்ட காலோடு ஓர் உருவம் எலி வளைக்கு முன்னால் அசையாமல் நிற்கும். இதற்குப் பெரிய எதிரி வேட்டைக்காரன் இல்லை, மேய்ப்பர்களின் நாய்கள் கொண்டுவரும் வெறிநோய். அதனால் ஓநாயைக் காப்பவர்கள் ஊர் ஊராகப் போய் நாய்க்குத் தடுப்பூசி போடுகிறார்கள்.

வடக்கே இருக்கும் லாலிபெலா ஊரைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கிய 11 தேவாலயங்கள். நம் கழுகுமலை வெட்டுவான் கோயிலைப் பார்த்தவர்களுக்கு வேலையின் முறை சட்டென்று பிடிபடும். ஆனால் இது இன்றும் வழிபாடு நடக்கிற இடம். ஜனவரி 7 கிறிஸ்துமஸுக்கு வெள்ளை உடுத்த யாத்திரிகர்கள் ஆயிரக்கணக்கில் வந்து நிற்பார்கள். ஒரு எச்சரிக்கை: லாலிபெலா, சிமியன் இரண்டும் அம்ஹாரா மாநிலத்தில் உள்ளவை. 2023இலிருந்து அங்கே அரசுப் படைக்கும் ஆயுதக் குழுக்களுக்கும் சண்டை. டிக்கெட் போடும் முன்பு அந்த வார நிலவரத்தை விசாரியுங்கள். மற்ற பகுதிகளுக்கும் அப்படியே.

தென்மேற்கே பழங்குடிகள் வாழும் ஓமோ பள்ளத்தாக்கை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். உதட்டில் தட்டு வைத்த பெண்களை நிற்க வைத்து, ஒரு படத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து எடுக்கிற கூட்டம் எனக்குச் சகிக்கவில்லை. அந்தப் பக்கம் போவதென்றால் கோன்சோவில் இறங்குங்கள். கல்லடுக்கிக் கட்டிய படிவயல்கள் மலை மலையாக இருக்கும். கெய் அஃபெர் ஊரின் வியாழக்கிழமைச் சந்தையும் நன்றாக இருக்கும். காமிராவைப் பைக்குள் வைத்துவிட்டு ஏதாவது வாங்குங்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் கவலைப்பட வேண்டாம். புதனும் வெள்ளியும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு விரதம். ஓட்டலில் ‘ட்சோம்’ (விரதச் சாப்பாடு) என்று கேட்டால் தோசை மாதிரியான இன்ஜெரா மேல் பருப்பு, கீரை, முட்டைக்கோஸ் எல்லாம் வைத்துத் தருவார்கள், பால்கூடச் சேர்க்க மாட்டார்கள். இன்ஜெரா நம் தோசையைவிட நல்ல புளிப்பு, இரண்டு நாளில் பழகிவிடும். பேருந்து 12 மணிக்கு என்றால் விடியற்காலை 6 மணி. அவர்கள் கடிகாரம் காலை ஆறிலிருந்து எண்ணத் தொடங்கும், எந்தக் கணக்கு என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் தனிமைப்படுத்திவிடுவார்கள். சென்னைக்காரர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்டுக்கொள்ளலாம், கிளம்புவதற்குக் குறைந்தது 10 நாள் முன்னதாக.