மஞ்சளில் நிற்கும் பக்கங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மென்பொருள் துறையில் இருக்கிறேன். பழைய தமிழ்ப் புத்தகங்களைப் பலரும் சேர்ந்து மெய்ப்பு பார்த்து, அதாவது எழுத்துப் பிழை திருத்தி, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வைக்கும் ஒரு தளம் தொடங்கப்போகிறேன். பெயர், சின்னம், செயலியின் வடிவம் எல்லாம் தயார். வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாகக் கொள்ளலாமா? தன்னார்வலர்களை எப்படிச் சேர்ப்பது? எங்கள் உழைப்பை யாராவது எடுத்து விற்றுவிட்டால் என்ன செய்வது?

ம.

அன்புள்ள ம.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: விற்கட்டும். இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கடந்த நூல் எல்லோருக்கும் சொந்தம். அதில் உங்களுக்கு மட்டும் தனிப் பங்கு ஏது? 2005இல் தொடங்கிய லிப்ரிவாக்ஸ் என்ற ஒலிநூல் தளத்தில் நூல்களை வாசித்துப் பதிவுசெய்பவர்கள் தங்கள் குரல்பதிவையே பொதுவில் விட்டுவிடுகிறார்கள். யாரும் விற்கலாம், கேட்கவே வேண்டாம். இதில் வயிறு எரிகிறவர்கள் இந்தப் பக்கம் வராமல் இருப்பது நல்லது.

வேலையை விடாதீர்கள். லிப்ரிவாக்ஸைத் தொடங்கிய ஹியூ மெக்குவயர் பின்னால் பிரெஸ்புக்ஸ் என்ற புத்தகத் தயாரிப்பு மென்பொருளைத் தனியாகக் கொண்டுவந்தார். கொடுக்கிற இடமும் சம்பாதிக்கிற இடமும் வேறாக இருப்பதில் ஒரு குறையும் இல்லை.

ஆள் சேர்ப்பதா? அது ஒரு விஷயமே இல்லை. இலவச மின்னூல்களை வெளியிடும் குட்டன்பர்க் திட்டத்துக்காகப் பக்கம் பக்கமாக மெய்ப்பு பார்க்கும் டிஸ்ட்ரிபியூட்டட் ப்ரூஃப்ரீடர்ஸ் என்ற குழு 2000இல் தொடங்கியது. 2002 நவம்பரில் ஸ்லாஷ்டாட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளத்தில் அதைப் பற்றி ஒரு செய்தி வந்ததும் ஒரே நாளில் 4,000 பேருக்கு மேல் வந்து சேர்ந்தார்கள். நாளுக்கு ஒரு பக்கம் பார்த்தால் போதும் என்றால் யார்தான் வரமாட்டார்கள்? ஆனால் எல்லாப் பக்கமும் முடிந்த பிறகு அவற்றை ஒரு நூலாகக் கோக்க ஒருவர் உட்கார வேண்டும். பக்க முடிவில் உடைந்த சொல்லை ஒட்டவேண்டும், அடிக்குறிப்பை உரிய இடத்தில் சேர்க்கவேண்டும், செய்யுளின் சீர் கலையாமல் பார்க்கவேண்டும். அதற்கு நாலாயிரம் பேர் வரமாட்டார்கள்.

உங்கள் கடிதம் வந்தபோது நானே இதை நினைத்துப் புழுங்கிக்கொண்டுதான் இருந்தேன். பழைய நூல்களைப் பலரும் சேர்ந்து மெய்ப்பு பார்க்கும் விக்கிமூலம் என்ற தளத்தில் மெய்ப்பு பார்க்காத பக்கம் சிவப்பு, ஒருவர் பார்த்தது மஞ்சள், இன்னொருவரும் சரிபார்த்தது பச்சை. மஞ்சளாக்கியவரே அதைப் பச்சையாக்க முடியாது. அருமையான விதி. தமிழில் எத்தனை நூல்கள் அந்த இன்னொருவர் வராமல் மஞ்சளிலேயே நிற்கின்றன என்று ஒருநாள் போய்ப் பாருங்கள். சிவப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். 'ர'வையும் துணைக்காலையும் குழப்பிக்கொண்டு, ஸ்கேன் படத்தை எழுத்தாக மாற்றும் இயந்திரம் இராமனை 'இாாமன்' என்று படித்து வைத்திருக்கும். வேகமாகப் படித்தால் கண் அதைத் தாண்டிப் போய்விடும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் லை, னை எல்லாம் தும்பிக்கையோடு இருக்கும், றா, னா எல்லாம் சுழித்துக்கொண்டு நிற்கும். அங்கேயும் தடுமாறும்.

நான் இருந்த ஒரு குழுவில் ஓர் ஐயா இருந்தார். அச்சகத்தில் மெய்ப்பு பார்த்து ஓய்வுபெற்றவர். கணினித் திரையில் மர ஸ்கேலை வைத்து, வரிக்கு வரி நகர்த்திப் படிப்பார். ஒரு பையன் ஆர்வக்கோளாறில் பழைய ஆசிரியரின் 'பிழை'களையெல்லாம் இன்றைய வழக்குக்கு மாற்றி வைத்துவிட்டான். ஐயா ஒவ்வொன்றாகப் பழையபடி ஆக்கிவிட்டு, "செத்துப்போனவரோட மல்லுக்கு நிக்காதே தம்பி, அவரு எந்திரிச்சு வந்து பதில் சொல்லமாட்டாரு" என்றார். அப்புறம் அந்தப் பையனையே பக்கத்தில் உட்காரவைத்து அடுத்த அத்தியாயத்தைப் பார்த்தார். அவர் பெயர் அந்த நூலில் எங்கும் கிடையாது. போடச் சொல்லிக் கேட்டதும் இல்லை.

நீங்களோ சின்னம் வரைந்துவிட்டீர்கள்! எந்த நூலை முதலில் எடுக்கப்போகிறீர்கள் என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. புதுத் தளம் எதற்கு, சொல்லுங்கள். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலில் தொடங்கியது. அதன் நூல்களைத் திஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறிமுறையிலிருந்து இன்று எங்கும் வழங்கும் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்ற யாரோ பொறுமையாக உட்கார்ந்ததால்தான் இன்று நம் கைபேசியில் திறக்கின்றன. ஈழத்து நூல்களைச் சேர்த்துவைக்கும் 'நூலகம்' தளம் இருக்கிறது, விக்கிமூலம் இருக்கிறது. கோபப்படாதீர்கள், உங்களுக்குக் கணினி தெரியும், ஆசையும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து அமைவது அபூர்வம் என்பதால்தான் இவ்வளவு திட்டுகிறேன். இருக்கிற இடம் ஒன்றில் போய் ஒரே ஒரு நூலை அட்டை முதல் அட்டை வரை முடியுங்கள். முடித்துவிட்டு எழுதுங்கள், செயலியைப் பற்றி மணிக்கணக்கில் பேசலாம்.

அப்படியும் தளம் தொடங்கியே தீருவேன் என்றால், சரி. தயவுசெய்து ஸ்கேன் செய்த பக்கத்தின் குறுக்கே உங்கள் சின்னத்தைப் பதித்துவிடாதீர்கள். அதன் அடியில் மாட்டிக்கொண்ட எழுத்தை இயந்திரமும் படிக்காது, நாளைக்கு மெய்ப்பு பார்க்க வருகிறவராலும் படிக்க முடியாது.