கலைஞர் கருணாநிதியின் அறுபதாண்டு அரசியலை ராமநாதபுரம் கடற்கரைக்காரர்கள் எப்படிப் பார்க்கிறார்கள்?

கேட்டவர் திருவாரூர்ப் பக்கம் போலிருக்கிறது. "எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு அவர் படம் இருக்கும், உங்கள் கடலோரத்தில் அவருக்கு என்ன மதிப்பு?" என்று கேள்விக்குக் கீழே எழுதியிருக்கிறார். நான் ராமேஸ்வரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடம். அப்பா விசைப்படகுத் தொழிலில் இருந்தவர், எங்கள் வீடு எந்தக் கட்சியின் வீடும் இல்லை. அந்த அளவில் இந்தப் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், தரையில் அவர் செய்தது எங்களுக்கு வந்து சேர்ந்தது, கடலில் அவரால் எதையும் செய்ய முடியவில்லை. அதில் எவ்வளவு அவர் குறை, எவ்வளவு அவர் வகித்த பதவியின் எல்லை என்பது எங்கள் பக்கத்து டீக்கடைகளில் இன்றுவரை தீராத வழக்கு.

வாழ்க்கைக் குறிப்பை வேகமாகக் கடந்துவிடுகிறேன், அது எல்லா இடத்திலும் கிடைக்கும். 1924-இல் திருக்குவளையில் பிறப்பு. பள்ளிப் பருவத்திலேயே இந்தி எதிர்ப்பு, 1953-இல் கல்லக்குடியில் தண்டவாளத்தில் படுத்துப் போராட்டம், 1957-இல் குளித்தலையில் முதல் வெற்றி. அதிலிருந்து 2016 திருவாரூர் வரை போட்டியிட்ட 13 சட்டமன்றத் தேர்தல்களிலும் தோற்கவில்லை. 1967-இல் அண்ணா அமைச்சரவையில் பொதுப்பணித்துறை, அண்ணா மறைந்ததும் 1969 பிப்ரவரியில் முதல்வர். ஐந்து முறை அந்த நாற்காலி, அதில் இரண்டு முறை, 1976-லும் 1991-லும், அவர் ஆட்சியை டெல்லி கலைத்தது. குளித்தலை, தஞ்சாவூர், சைதாப்பேட்டை, அண்ணா நகர், துறைமுகம், சேப்பாக்கம், திருவாரூர் என்று தொகுதிகள் மாறின, எங்கள் மாவட்டத்தில் ஒரு தடவையும் நிற்கவில்லை. துறைமுகம் என்ற தொகுதியில் நின்றவர் மீன்பிடித் துறைமுகம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்த எங்களிடம் நிற்கவில்லையே என்று பெரியவர்கள் கேலி செய்வார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடற்கரையில் அவருக்கு எதிரே நின்றது வெறும் அ.தி.மு.க. இல்லை, எம்.ஜி.ஆர். திரையில் துடுப்புப் போட்ட மனிதரை விட்டுவிட்டு வசனம் எழுதியவருக்கு ஓட்டுப் போடு என்றால் அந்தக் காலத்துக் கடலோரத்தில் யார் கேட்பார்கள்? குப்பத்துக்குக் குப்பம் இரட்டை இலைதான். கலைஞர் பக்கம் நின்றவர்கள் பெரும்பாலும் படித்த பையன்கள், கீழக்கரை, தொண்டிப் பக்கத்து முஸ்லிம் வீடுகள், பழைய கட்சிக்காரர்கள்.

இப்போது 1974-க்கு வருகிறேன். எங்களைக் கேட்டால் அவருடைய அரசியல் வாழ்க்கையில் முக்கியமான ஆண்டு அதுதான் என்போம். ஏப்ரலில் மாநில சுயாட்சித் தீர்மானத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார். 1969-இல் அவரே அமைத்த ராஜமன்னார் குழு 1971-இல் கொடுத்த அறிக்கையின் தொடர்ச்சி அது: மாநிலத்துக்கு அதிக அதிகாரம் வேண்டும், மத்தியில் பாதுகாப்பு, வெளியுறவு போன்ற சில துறைகள் இருந்தால் போதும் என்ற வாதம். ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் முதல் முறையாக ஒரு முதல்வர் தேசியக் கொடி ஏற்றினார். அதுவரை ஆளுநர்தான் ஏற்றுவார், இந்த உரிமையை எல்லா மாநில முதல்வர்களுக்கும் வாங்கிக் கொடுத்தது அவர்தான். இந்த இரண்டுக்கும் நடுவில், ஜூன் கடைசி வாரத்தில், இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் கையெழுத்துப் போட்டார்கள். கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது.

மாநில உரிமைக்காக நாட்டிலேயே உரக்கக் குரல் கொடுத்த முதல்வரின் ஆட்சியில்தான் மாநிலத்தின் ஒரு துண்டு போனது. வெறும் 285 ஏக்கர், குடியிருப்பு இல்லாத தீவு. ஒருகாலத்தில் சேதுபதிகளின் ஜமீனில் இருந்தது. எங்கள் ஆட்களுக்கு அது வலை காயப்போடவும் ஓய்வெடுக்கவும் ஆன இடம், வருஷத்துக்கு ஒருமுறை அந்தோணியார் திருவிழா.

அவர் எதிர்த்தாரா? எதிர்த்தார். ஆகஸ்ட் 21 அன்று சட்டமன்றத்தில் தீர்மானம் வந்தது. நாடாளுமன்றத்தில் அவர் கட்சியின் இரா. செழியனும், எங்கள் ராமநாதபுரத்தின் எம்.பி. மூக்கையா தேவரும் பேசினார்கள். ஆனால் 2024 மக்களவைத் தேர்தல் நேரத்தில் பழைய கோப்புகள் வெளியே வந்தன. ஒப்பந்தத்துக்குச் சில நாள் முன்னால், ஜூன் 19 அன்று, வெளியுறவுச் செயலர் கேவல் சிங் சென்னைக்கு வந்து முதல்வரிடம் விஷயத்தைச் சொன்னதாகவும், முதல்வர் அதைப் பெரிதுபடுத்தாமல் பார்த்துக்கொள்ள இசைந்ததாகவும் அந்தக் குறிப்பு சொல்கிறது. எழுதியது டெல்லி அதிகாரிகள். தி.மு.க. அந்த வாசிப்பை ஏற்கவில்லை. என் கருத்து: அவருக்கு முன்பே தெரிந்திருக்கும், தடுக்கும் வழி கையில் இல்லை என்பதும் தெரிந்திருக்கும். வழக்குக்குப் போயிருக்கலாம், பதவியைத் தூக்கி எறிந்திருக்கலாம் என்று சொல்பவர்கள் எங்கள் ஊரில் நிறைய. 1983-இல் ஈழத் தமிழர் பிரச்சினைக்காகச் சட்டமன்ற உறுப்பினர் பதவியை விட்டவர் 1974-இல் ஏன் விடவில்லை என்ற கேள்விக்கு எனக்கு நல்ல பதில் கிடைத்ததில்லை.

ஆனால் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. எங்கள் வயிற்றில் அடித்தது 1974 மட்டும் இல்லை. அந்த ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே தீவுக்குப் போய்வரலாம், இலங்கை விசா கேட்காது என்றது. ஆறாம் பிரிவு இரு நாட்டுப் படகுகளும் வழக்கமாக அனுபவித்த உரிமைகள் தொடரும் என்றது. 1976 மார்ச்சில் இரு வெளியுறவுச் செயலர்களும் மாற்றிக்கொண்ட கடிதம்தான் ஒரு நாட்டு மீனவன் மற்ற நாட்டுக் கடலில் பிடிக்கக் கூடாது என்று கதவைச் சாத்தியது. அந்த மார்ச்சில் தமிழ்நாட்டில் முதல்வரே இல்லை! ஜனவரி 31-ஆம் தேதியே அவர் ஆட்சி கலைக்கப்பட்டுவிட்டது, நெருக்கடிநிலை, குடியரசுத் தலைவர் ஆட்சி. கேட்பதற்குச் சட்டமன்றமும் இல்லை. மேடையில் கச்சத்தீவைப் பற்றி முழங்குகிறவர்கள் யாரும், எந்தக் கட்சியாக இருந்தாலும், இந்த இரண்டாவது கடிதத்தைப் பற்றிப் பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

பதவியின் எல்லை என்று மேலே சொன்னது இதைத்தான். அரசியலமைப்பில் மீன்வளம் மாநிலப் பட்டியல், ஆனால் ஆட்சிக்குட்பட்ட கடற்பரப்பைத் தாண்டிய மீன்பிடிப்பு மத்தியப் பட்டியல். வெளிநாட்டு ஒப்பந்தம் முழுக்க டெல்லி. பாக் நீரிணை அகலமே கொஞ்சம்தான், படகை எடுத்தால் சீக்கிரமே எல்லைக் கோடு வந்துவிடும். முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதலாம். எழுதினார், நிறைய எழுதினார். இலங்கைக் கடற்படை பிடித்துப் போன ஒவ்வொரு தடவையும் கடிதம் போனது. அவருக்குப் பின் வந்தவர்களும் அதையேதான் செய்தார்கள். கடிதம் போகும், ஆள் எப்போதாவது வருவான், படகு வராது. (கடலடியை வாரி எடுக்கும் எங்கள் பக்கத்து இழுவைமடிப் படகுகளால் யாழ்ப்பாணத்து மீனவனுக்கு உண்டான நஷ்டமும் சின்னதில்லை. அதைச் சொன்னால் ஊரில் எனக்குச் சோறு கிடைக்காது, ஆனாலும் சொல்ல வேண்டும்.)

பாக் நீரிணையைத் தோண்டிக் கப்பலுக்கு வழி செய்யும் சேது சமுத்திரத் திட்டம் இன்னொரு கதை. அண்ணா காலத்துக் கனவு. 2005 ஜூலை 2 அன்று மதுரையில் மன்மோகன் சிங் தொடங்கி வைத்தார், மதிப்பீடு 2,427 கோடி ரூபாய், கப்பல்துறை டி.ஆர். பாலுவின் கையில். கலைஞருக்கு இதில் அப்படி ஓர் ஆசை. 2007-இல் ராமர் பாலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் கைவைத்ததும் அவர் ராமரைப் பற்றிப் பேசியதும், நாடே ராமர் இருந்தாரா இல்லையா என்று சண்டை போட்டதும் நினைவிருக்கும். எங்களுக்கு அந்தச் சண்டையே வேறு உலகம். கடலுக்குள் மண்ணைத் தோண்டிக் கொட்டினால் மீன் எங்கே போகும், கப்பல் போகிற வழியில் வலை போட விடுவார்களா என்பது எங்கள் கவலை. ஆதரித்தவரும் எதிர்த்தவரும் மீனவனைக் கேட்கவில்லை. இதில் அவர் மேல் எனக்கு வருத்தம் உண்டு. கடற்கரை வாழ்க்கையைத் திட்டமாகப் பார்த்தார், தொழிலாகப் பார்க்கவில்லை.

சரி, தரைக்கு வருவோம். இங்கேதான் கணக்கு மாறுகிறது.

ராமநாதபுரத்தைத் தண்ணியில்லாக் காடு என்பார்கள். அரசு ஊழியரைத் தண்டிக்க வேண்டுமானால் இங்கே மாற்றுவார்கள் என்பது பழைய பேச்சு. எங்கள் தீவில் மணலைத் தோண்டினால் ஓரளவு நல்ல தண்ணீர் வரும். என் அத்தை வாழ்க்கைப்பட்டது சாயல்குடிப் பக்கம், அங்கே அப்படி இல்லை. ஊருணியில் தண்ணீர் இருக்கும் வரை ஊருணி, அது வற்றினால் நாலு, ஆறு குடம் வைக்கிற தள்ளுவண்டியோடு அடுத்த ஊருக்கு நடை. வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தால், மாப்பிள்ளை ஊரில் தண்ணீர் எப்படி என்பதுதான் முதல் கேள்வி. 90களின் கடைசியில், அவருடைய நான்காவது ஆட்சியில், அந்தக் கரையில் நரிப்பையூரில் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது. அது போதவில்லை.

2007-க்கு மேல்தான் பெரிய வேலை. திருச்சியில் காவிரிப் படுகையிலிருந்து தண்ணீர் எடுத்து, புதுக்கோட்டை, சிவகங்கை வழியாக ராமநாதபுரம் வரை குழாய். 616 கோடி ரூபாய். உள்ளாட்சித் துறை அப்போது ஸ்டாலினிடம், கடலாடியிலிருந்து ஜெயித்த சுப. தங்கவேலன் அமைச்சரவையில். 2009-இல் தண்ணீர் வந்தது. அத்தை ஊரில் தெருக் குழாயில் காவிரித் தண்ணீர் என்றதும் முதலில் யாரும் நம்பவில்லை. தினமும் வருவதில்லை, கடைக்கோடி ஊர்களில் நாலைந்து நாளைக்கு ஒருமுறை, வழியில் குழாய் உடைந்தால் அதுவும் இல்லை. ஆனாலும் அந்தப் பக்கத்துப் பெண்களிடம் கலைஞரைக் குறை சொல்லிப் பாருங்கள். இரட்டை இலைக்கே ஓட்டுப் போடுகிற என் அத்தை, "தண்ணி குடுத்த மனுசன், அவரச் சொல்லாதடா" என்று வாயை அடைத்துவிடுவார்.

2008 செப்டம்பரில் வந்த ஒரு ரூபாய் அரிசியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மீன்பிடித் தடைக்காலத்தில், விசைப்படகு கரையில் கிடக்கும் அந்த நாட்களில், மீனவர் வீட்டில் உலை கொதித்தது அந்த அரிசியில்தான். மீனவர் நல வாரியமும் அந்த ஆட்சியில் வந்ததுதான், அட்டை வைத்திருப்பவர்களுக்குப் பிள்ளைகள் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் கொஞ்சம் கிடைக்கும். 1997-இல் மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்களின் தலைவர் பெயர்களை அவர் எடுத்தது இங்கே சிலருக்கு இன்னும் உறுத்தல். எங்கள் பேருந்துகளில் மருதுபாண்டியர் பெயர் இருந்தது, போய்விட்டது. ஆனால் பெயருக்காக ஊர் ஊராக ரத்தம் சிந்திய சமயம் அது. செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

இவ்வளவுக்கும் ஓட்டு விழுந்ததா என்றால், 2009 மே மாதம் ராமநாதபுரம் மக்களவைத் தொகுதியில் தி.மு.க.வின் ரித்தீஷ் ஜெயித்தார். அதே மாதத்தில்தான் கடலுக்கு அந்தப் பக்கம் முள்ளிவாய்க்கால். ஏப்ரல் 27 அன்று மெரினாவில் அவர் இருந்த சில மணி நேர உண்ணாவிரதத்தை எங்கள் ஊர் மறக்கவில்லை. மண்டபம் அகதிகள் முகாமில் சொந்தங்களைத் தேடி அழுதவர்களை அடுத்த வீட்டுக்காரர்களாகப் பார்த்தவர்கள் நாங்கள். 2011-இல் ராமேஸ்வரம் தீவும் சேர்ந்த ராமநாதபுரம் தொகுதி எதிரணியின் ஜவாஹிருல்லாவுக்குப் போனது, திருவாடானையில் மட்டும் சுப. தங்கவேலன் தப்பினார். 2013-இல், எதிர்க்கட்சியில் இருந்தபோது, கச்சத்தீவுக்காகக் கலைஞர் உச்ச நீதிமன்றம் போனார். ஜெயலலிதா 2008-லேயே போயிருந்தார். "முப்பத்தொன்பது வருஷம் கழிச்சா?" என்று அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு வலை பின்னப் போய்விட்டார்.